18-55 லென்ஸ் கையில இருக்கு. அடுத்த ஜூம் 75-300ஆ, 55-250ஆ, 18-135ஆ?

12.1.2025, இரவு. குளச்சலிலிருந்து

அண்ணன்மாரே, கேனன் 1500டி வச்சிருக்கேன். கூட வந்த 18-55 மட்டும்தான் லென்ஸ். அப்பா வள்ளத்துல போறவர். விடிஞ்சதும் வள்ளம் அலை தாண்டி கரை பிடிக்கிறதை எடுக்கணும். லீவு நாள்ல மணக்குடி, தேரூர்னு போய் பறவை எடுக்கணும். ரெண்டுக்குமே 18-55 எட்டல. கையில பத்தாயிரம் தேறும். கடையில 75-300 எடுத்துக் காட்டினாங்க. "300 இருக்கு, 250ஐ விட தூரம் போகும், விலையும் குறைவு"ன்னு சொல்றாங்க. கூட்டாளி ஒருத்தன் 18-135 வாங்கிரு, ஒரே லென்ஸ்ல எல்லாம் முடிஞ்சிரும்ங்கான். என் கணக்குல எம்எம் (லென்ஸ் பேர்ல வர்ற எண், ஃபோகல் நீளம்) எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. சரிதானே?

12.1.2025, இரவு. சுசீந்திரத்திலிருந்து

சரியில்ல தம்பி. 75-300 வேண்டாம். 55-250 எஸ்டிஎம் பாருங்க (எஸ்டிஎம்ங்கறது அதுல இருக்கிற ஃபோகஸ் மோட்டார் வகை). புதுசு கைக்கு எட்டலைன்னா செகண்ட் ஹேண்ட் தேடுங்க. காரணத்தை நாளைக்கு விளக்கமா எழுதுறேன். அதுவரைக்கும் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திராதீங்க.

13.1.2025, காலை

முதல்ல அந்த 50 எம்எம் வித்தியாசம் என்னன்னு பார்த்திருவோம். 1500டி சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். எடுக்கப்போற பொருள் இருக்கிற தூரத்தை 22.3ஆல பெருக்கி, ஃபோகல் நீளத்தால வகுத்தா, அந்த இடத்துல எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள்ள வரும்னு தெரிஞ்சிரும். 50 மீட்டர் தள்ளி ஒரு கொக்கு நிக்குதுன்னு வைங்க. 250ல 4.46 மீட்டர் அகலம் உள்ள வரும். 300ல 3.72 மீட்டர். கொக்கு ஐந்துல ஒரு பங்கு பெரிசா தெரியும், அவ்வளவுதான். எட்டு மீட்டர் முன்னால நடந்தா 250லயே அதே அளவு கிடைச்சிரும்.

அந்த ஐந்துல ஒரு பங்குக்காக நீங்க விட்டுக்கொடுக்கிறது என்னன்னு பாருங்க. 75-300ல ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தை அடக்குற ஏற்பாடு, சுருக்கமா ஐஎஸ்) கிடையாது. 300ல கையில பிடிச்சு எடுக்கணும்னா, 1500டி சின்ன சென்சாருக்கான 1.6 மடங்கு (கிராப்) கணக்கோட சேர்த்து, 1/500 வினாடிக்குக் கீழே ஷட்டர் ஸ்பீடு இறங்கக் கூடாது. நீங்க எடுக்கணும்ங்கறது விடியக்காலம். சூரியன் முகம் காட்டுறதுக்கு முன்னால எஃப்/5.6ல (எஃப் எண் லென்ஸ் வாய் திறக்கிற அளவு, எண் சின்னதானா வெளிச்சம் கூடுதல்) 1/500 வேணும்னா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏத்திக்கிட்டே போகணும். படம் முழுக்க மணல் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாத்தான் வரும். 55-250ல ஸ்டெபிலைசர் இருக்கறதால அசையாம நிக்கிற வள்ளத்தை, காயப்போட்ட வலையை, கரையில குந்தியிருக்கிற ஆளை 1/60, 1/80ல நிதானமா எடுக்கலாம்.

கூட்டாளி ஒருத்தரோட 75-300ஐ நான் கொஞ்ச காலம் வாங்கி வச்சு எடுத்திருக்கேன். 200 வரைக்கும் பரவாயில்ல. 300க்குத் தள்ளினதும் படம் மெத்துன்னு ஆயிரும், வெளிச்சம் பட்ட ஓரத்துல ஊதா கோடு ஓடும். வெள்ளைக் கொக்கு, பின்னால வெயில் பட்ட தண்ணின்னா அந்த ஊதா நல்லாவே தெரியும். அதனால 300 இருந்தும் 200லதான் எடுத்தேன்.

14.1.2025, பொங்கல், மதியம்

ஒண்ணு விட்டுப்போச்சு. கிட்ட ஃபோகஸ். 75-300க்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னாத்தான் ஃபோகஸ் பிடிக்கும். 55-250 எஸ்டிஎம்முக்கு 85 செ.மீ. போதும். தோவாளை பூச்சந்தையில போய் நின்னு பாருங்க, இந்த வித்தியாசம் தெரியும். அங்க ஒன்றரை மீட்டர் பின்னால போறதுக்கு இடமே இருக்காது, முதுகுக்குப் பின்னால ஒருத்தர் பிச்சிப்பூ மூட்டையோட நிப்பார். 85 செ.மீ.ல 250ஐப் போட்டா பூ கட்டுற விரலும் நாரும் மட்டும் படம் முழுக்க வரும், பின்னணி அப்படியே கரைஞ்சிரும். டெலி ஜூம்னா தூரத்துக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

14.1.2025, இரவு. மார்த்தாண்டத்திலிருந்து ஒருத்தர்

ஐஎஸ்ஸை ரொம்ப தூக்கிப் பிடிக்கிறீங்க. பறக்கிற பறவைக்கு 1/1000 வைக்கணும். அப்போ ஐஎஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

15.1.2025, காலை

கேள்வி நியாயம். ஸ்டெபிலைசர் நம்ம கை ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும். பறவை இறக்கை அடிக்கிறதையோ வள்ளம் அலையில துள்ளுறதையோ அடக்காது. அசையற எதுக்கும் வேகம்தான் வேணும்: வள்ளத்துக்கு 1/500, பறவைக்கு 1/1000. இதை முதல்லயே தனியா எழுதியிருந்தா தம்பிக்கு இன்னும் தெளிவா இருந்திருக்கும்.

ஆனா ஐஎஸ் வியூஃபைண்டரையும் நிறுத்தி வைக்கும், அதை விட்டுட்டீங்க. ஐஎஸ் இல்லாம 300ல வியூஃபைண்டர் வழியா பார்த்தா, வள்ளத்துல நின்னுகிட்டு கரையைப் பார்க்கிற மாதிரி எல்லாம் ஆடும். பழகினவங்க சமாளிச்சிருவாங்க. புதுசா எடுக்கிறவருக்கு ஃபோகஸ் புள்ளியைப் பறவையோட கண்ணுமேல வைக்கிறதே பெரும்பாடு. பாதி அழுத்தினதும் உள்ளே லேசா ஒரு சத்தம், காட்சி அப்படியே நிக்கும். அப்புறம்தான் கண்ணைத் தேட முடியும். 1/1000 வச்சாலும் அந்த உபகாரம் இருக்கு.

15.1.2025, இரவு. குளச்சலிலிருந்து

அண்ணே, கூட்டாளிக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 55-250 கொடுக்கத் தயாரா இருக்கார். 1500டி டூயல் கிட்ல வந்ததாம், பெட்டியைப் பிரிச்சதோட சரியாம். எடுத்துரலாமா?

15.1.2025, பத்து நிமிஷம் கழிச்சு

நில்லுங்க. டூயல் கிட்ல வந்தது 55-250 ஐஎஸ் 2. நான் சொல்றது 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். பேர் ஒண்ணு, சாமான் வேற. லென்ஸ் வளையத்துல எஸ்டிஎம்னு எழுத்து இருக்கான்னு பார்த்துட்டு சொல்லுங்க.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஐஎஸ் 2 ஃபோகஸ் பண்றப்போ முன்கண்ணாடி சுத்தும். கடல் பளபளப்பை அடக்க போலரைசர் ஃபில்டர் போட்டீங்கன்னா, ஒவ்வொரு ஃபோகஸுக்கும் ஃபில்டரும் சேர்ந்து சுத்தி, சரிபண்ணின கோணம் போயிரும். எஸ்டிஎம்ல முன்கண்ணாடி சுத்தாது. மோட்டார் சத்தமும் குறைவு, வீடியோ எடுத்தா தெரியும். ஐஎஸ் 2க்கு கிட்ட ஃபோகஸ் 1.1 மீட்டர். 250ல கூர்மையும் எஸ்டிஎம்ல ஒரு படி கூடுதல். ஃபில்டர் அளவு ரெண்டுக்கும் 58 மி.மீ.தான், உங்க 18-55க்குப் போடுறதே போதும்.

இதுக்காக ஐஎஸ் 2 மோசம்னு ஆயிராது. நல்ல விலைக்கு வந்தா, 75-300ஐ விட அது நூறு மடங்கு மேல். ஆனா எஸ்டிஎம் விலை கேட்டா விட்டிருங்க.

19.1.2025, ஞாயிறு

நேத்து முழுக்க இது மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. 18-135ஐ நான் ஒரு வார்த்தை கூடப் பேசாம தள்ளிட்டேன், அது சரியில்ல. வள்ளத்துக்கு எவ்வளவு எம்எம் வேணும்னு இன்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அலை தாண்டி வர்ற வள்ளத்தை கரையில நின்னு எடுக்கிறப்போ 80 மீட்டர் தூரம்னு வைங்க. வள்ளம் ஒரு 30 அடி, அதாவது 9 மீட்டர். 250ல 7.1 மீட்டர்தான் உள்ள வரும், வள்ளத்தோட தலையோ வாலோ வெட்டுப்படும். 180ல 9.9 மீட்டர், சரியா அடங்கும். 135ல 13.2 மீட்டர், வள்ளமும் வரும், அது ஏறி வர்ற அலையும் வரும். என் கண்ணுக்கு இந்தக் கடைசிப் படம்தான் அழகு. அப்போ வள்ளத்துக்கு 18-135 தாராளமா போதும். கரமடி (கரையில நின்னு இழுக்கிற வலை) இழுக்கிற வரிசை, ஏலம் போடுற இடம், எல்லாத்துக்கும் அதே லென்ஸ். மணல்ல நின்னு லென்ஸ் மாத்த வேண்டிய வேலையும் இல்ல.

பறவைன்னு வந்தாத்தான் அது தோக்கும். 50 மீட்டர் தள்ளி நிக்கிற கொக்குக்கு 135ல 8 மீட்டருக்கு மேல அகலம் உள்ள வருது, பறவை ஒரு மூலையில கிடக்கும். விலையும் கூடுதல். உங்ககிட்ட இருக்கிற 18-55 வேலையில்லாம அலமாரிக்குப் போயிரும்.

ஆக, பறவை எடுக்கணும்ங்கற ஆசை எவ்வளவு நிஜம்? அதைப் பொறுத்துத்தான் இது முடிவாகும். இன்னொண்ணும் செய்யுங்க. இதுவரை எடுத்த படங்களை கூகுள் ஃபோட்டோஸ்ல திறந்து மேலே இழுத்தா, எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு காட்டும். எந்த எண் திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க. யார் சொல்ற யோசனையையும் விட அதை நம்பலாம்.

21.1.2025, இரவு. குளச்சலிலிருந்து

பார்த்தேன் அண்ணே. கடற்கரைப் படம் கிட்டத்தட்ட எல்லாம் 55. வீட்டு விசேஷம், பங்குத் திருவிழா எல்லாம் 18லிருந்து 30க்குள்ள. பறவை ஆசை நிஜம்தான். ஞாயிறு பூசை முடிஞ்சதும் பைக்கை எடுத்துட்டு மணக்குடி காயலுக்குத்தான் போறேன். ஆலாக்கள் (கடல் பறவை) மணல்திட்டுல கூட்டமா உக்காந்திருக்கு, 55ல எடுத்தா வெள்ளைப் புள்ளியாத்தான் தெரியுது.

22.1.2025

கொள்ளாம். ஒரு பக்கம் 18லிருந்து 30, இன்னொரு பக்கம் 55ல முட்டி நிக்குது. நடுவுல பெரிசா ஒண்ணும் இல்ல. ரெண்டு லென்ஸ் ஆளு நீங்க. 18-55ஐ வச்சுக்கோங்க, கூட 55-250.

இனி மணல்ல லென்ஸ் மாத்துற பிரச்சினை. இதுக்கு நான் செய்றதைச் சொல்றேன். கடற்கரைக்குப் போறப்போ வீட்டிலயே 55-250ஐ மாட்டிட்டுப் போயிருவேன். அகலமா வானமும் கடலும் வேணும்னா ஃபோனை எடுப்பேன். இன்னைக்கு ஃபோன்ல இருக்கிற அகலக் கண்ணாடி பகல் வெளிச்சத்துல நல்லாவே எடுக்குது. காத்துல மணல் பறக்கிறப்போ கேமராவைத் திறக்கவே மாட்டேன். மாத்தித்தான் ஆகணும்னா காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து, கேமராவை அணைச்சு, வாயைக் கீழ்நோக்கிப் பிடிச்சு, பைக்குள்ளயே மாத்திருங்க. சொத்தவிளையில ஆடிக்காத்து நேரத்துல அதையும் செய்யாதீங்க.

26.1.2025, காலை

தேரூர் குளத்துல விடியலிலிருந்து இருந்துட்டு இப்பத்தான் வந்தேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தது. அதுக்கப்புறம் வெளியூர்லயிருந்தும் கேமராவோட ஆள் வர்றாங்க. இன்னைக்கு வந்தவர்ல ஒருத்தர் கையில முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். என் 250ஐப் பார்த்துட்டு இதுல என்ன கிடைக்கும்னு கேட்டார்.

கிடைக்கிறது இதுதான். கரையோரத்துல குந்தியிருக்கிற சின்ன மீன்கொத்தி, அலகு நுனியிலிருந்து வால் வரைக்கும் 17 செ.மீ. இருக்கும். 50 மீட்டர்ல 250ல எடுத்தா, 6000 பிக்சல் அகலப் படத்துல அது 230 பிக்சல். ஒண்ணுக்கும் ஆகாது. 15 மீட்டர்ல எடுத்தா 760 பிக்சல். கிராப் பண்ணினா ஃபோன்ல பார்க்க அருமையா இருக்கும், சின்னதா பிரிண்டும் போடலாம். அப்போ கேள்வி 250ஆ 400ஆங்கறது இல்ல, 15 மீட்டருக்கு எப்படிப் போறதுங்கறதுதான். பைக்கை நிறுத்தி இறங்கினா பறந்திரும். பைக் மேலேயே உக்காந்து எஞ்சினை அணைச்சு காத்திருந்தா பல நேரம் அதுவே பழைய கிளைக்குத் திரும்பி வந்திரும். தாமரை இலைமேல நடக்கிற நீளவால் இலைக்கோழியும் அப்படித்தான், கரையில ஆடாம அசையாம உக்காந்தா தானா கிட்ட வரும். துரத்திக்கிட்டுப் போனா பறவைக்கும் தொல்லை, நமக்கும் முதுகுப் படம்தான்.

இன்னொண்ணு, வெயில் ஏறிட்டா எந்த லென்ஸும் உதவாது. புத்தளம் உப்பளத்துல காலை ஒன்பது மணிக்கு மேல வரப்பு மேல கானல் நெளியும். தூரத்துப் பறவை எல்லாம் தண்ணிக்குள்ள தெரியற மாதிரி வளைஞ்சு வரும். லட்ச ரூபாய் லென்ஸும் அந்தக் கானல் வழியாத்தான் பார்க்கணும். கூர்மை இல்லைன்னு லென்ஸைச் சந்தேகப்படுறதுக்கு முன்னால மணியைப் பாருங்க.

27.1.2025. மார்த்தாண்டத்திலிருந்து

என்கிட்ட பழைய நிக்கான் டி3100. புதுசா வந்த ஏஎஃப்-பி 70-300 சல்லிசா கிடைக்குது. போடலாமா?

27.1.2025

வாங்காதீங்க. ஏஎஃப்-பி லென்ஸ் டி3100ல ஃபோகஸே ஆகாது. டி3500, டி5600 வச்சிருக்கிறவங்களுக்கு அது நல்ல லென்ஸ். அவங்களும் பேர்ல விஆர்னு (நிக்கான்ல ஐஎஸ்ஸுக்கு அதுதான் பேர்) இருக்கான்னு பார்க்கணும், அதே 70-300 விஆர் இல்லாமலும் உண்டு. டி3100 பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால ஏஎஃப்-எஸ்னு எழுதின லென்ஸ் மட்டும் தேடுங்க: ஏஎஃப்-எஸ் 55-200 விஆர், இல்லைன்னா 55-300 விஆர். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ் எல்லாம் உங்க பாடியில கையால சுத்தித்தான் ஃபோகஸ் பண்ணணும்.

2.2.2025

கன்னியாகுமரி சூரிய உதயத்தைப் பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தாங்க. இங்கயே எழுதிர்றேன்.

சூரியன் படத்துல எவ்வளவு பெரிசா வரும்? ஃபோகல் நீளத்தைத் தோராயமா 107ஆல வகுங்க. 55ல அரை மி.மீ. 250ல 2.3 மி.மீ. சென்சார் உயரம் 14.9, அதுல ஆறுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. "ஃபோன்ல எடுத்தா சூரியன் பொட்டு மாதிரி வருது"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் காரணம்.

அடுத்து திருவள்ளுவர் சிலை. பீடத்தோட சேர்த்து 133 அடி, அதாவது 40.5 மீட்டர். 500 மீட்டர் தள்ளி நின்னு 250ல எடுத்தா சென்சார்ல 20 மி.மீ. உயரம் வரும். கேமராவைப் படுக்கையாப் பிடிச்சா அடங்காது, செங்குத்தாப் பிடிச்சா 22.3க்குள்ள அழகா அடங்கும். 300ல 24 மி.மீ. வரும், செங்குத்தாப் பிடிச்சாலும் தலை போயிரும். "300தான் பெருசு"ன்னு கடைக்காரர் சொன்னாருலா, அந்தத் தூரத்துல சிலைக்கு 300 கூடுதல். விவேகானந்தர் பாறை, சிலை, 2024 டிசம்பர் 30ல திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், மூணையும் ஒரே படத்துல கொண்டுவரணும்னா உங்க 18-55 போதும்.

சிலைக்குப் பக்கத்துல சூரியன் பெரிசா தெரியணும்னா எம்எம்மைக் கூட்டிப் பிரயோசனம் இல்ல, பின்னால போகணும். 500 மீட்டர்ல சூரியன் சிலை உயரத்துல ஒன்பதுல ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. தூரம் போகப் போக சிலை சிறுத்துக்கிட்டே வரும், சூரியன் அப்படியே இருக்கும். டிசம்பர், ஜனவரில சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி உதிக்கும், ஜூன்ல வடக்கே. அதுக்குத் தக்கபடி கரையோரமா நடந்து இடம் பிடிக்கணும்.

நேரம் ரொம்பக் குறைவு. நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கறதால சூரியன் சாயாம நேரா மேலே ஏறும். விளிம்பு தெரிஞ்சதிலிருந்து முழு வட்டமும் வெளிய வர ரெண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல, அவ்வளவுதான். அந்த ரெண்டு நிமிஷத்துல லென்ஸ் மாத்திக்கிட்டு இருக்கக் கூடாது.

இதை மட்டும் கண்டிப்பா கேளுங்க: சூரியன் சிவப்பு போய் மஞ்சளா மாறினதும் 250 போட்ட வியூஃபைண்டர் வழியா பார்க்கவே கூடாது. கண்ணு போயிரும். பின்திரையில லைவ் வியூ வச்சு எடுங்க, அதையும் நீட்டி வைக்காதீங்க. கூட வர்ற பிள்ளைகள்கிட்ட கேமராவைக் கொடுக்கிறவங்க இதை முதல்ல சொல்லிக்கொடுங்க.

3.2.2025

ஒரு வரி: அரல்வாய்மொழி கணவாய்ல காத்தாடி (காற்றாலை) படம் எடுக்கப் போறவங்க ட்ரைபாடை நம்பாதீங்க, காத்து மொத்தத்தையும் நடுக்கிரும். ஹூடைக் (லென்ஸ் முன்னால மாட்டுற வெயில் மறைப்பு) கழட்டி, மதில் ஓரமா குந்தி, ஐஎஸ் போட்டு கையிலயே எடுங்க.

9.2.2025. குளச்சலிலிருந்து

அண்ணே, எஸ்டிஎம் ஒண்ணு செகண்ட் ஹேண்ட் கிடைச்சிருக்கு. பட்ஜெட்டுக்குள்ள வருது. நாகர்கோவில் வந்து பார்க்கச் சொல்றார். என்னெல்லாம் பார்க்கணும்?

9.2.2025, இரவு

உங்க கேமராவை எடுத்துட்டுப் போங்க, பகல்ல போங்க.

முதல்ல ரெண்டு மூடியையும் கழட்டி, ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் சரிச்சு அடிச்சு, மறுபக்கம் வழியா உள்ளே பாருங்க. தூசி நாலஞ்சு இருந்தா பொருட்படுத்த வேண்டாம், படத்துல வராது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் படர்ந்திருந்தா அது ஃபங்கஸ். விலையைப் பாதியாக்கினாலும் வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பனி மூடின மாதிரி மங்கலா இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் மாட்டி, பாதி அழுத்தி ஐஎஸ் சுவிட்சைப் போட்டும் அணைச்சும் பாருங்க, வியூஃபைண்டர்ல வித்தியாசம் தெரியணும். 55லயும் 250லயும் கிட்ட ஒரு எழுத்தையும் தூரத்துல ஒரு போர்டையும் எடுங்க. எஃப்/5.6ல ஒண்ணு, எஃப்/16ல ஒண்ணு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. எஃப்/16ல பின்னணி தெளிவாகணும், ஆகலைன்னா அப்பர்ச்சர் தகடு ஒட்டிக்கிட்டிருக்கு. ஜூம் வளையத்தை முழுக்கச் சுத்துங்க. நறநறன்னு கேட்டா உள்ளே கடற்கரை மணல். மவுண்ட் (கேமராவுல மாட்டுற வாய்) பக்கத்து ஸ்க்ரூ தலை உரசியிருந்தா யாரோ பிரிச்சிருக்காங்க, ஏன்னு கேளுங்க.

பில் இல்லாட்டியும் பரவாயில்ல, விக்கிறவர் யாருன்னு தெரிஞ்சிருக்கணும்.

10.2.2025

ஃபங்கஸைச் சொன்னதால இதையும் சொல்லிர்றேன். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. போதாததுக்கு உங்க ஊர்ல கடல் காத்து. லென்ஸ் கெட்டுப்போறதுக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம். என் சித்தப்பாவோட லென்ஸ் ஒண்ணு தோல் உறைக்குள்ள ஒரு மழைக்காலம் முழுக்க இருந்துச்சு. எடுத்துப் பார்த்தப்போ முன்கண்ணாடிக்குப் பின்னால வேர் விட்ட மாதிரி வெள்ளையா படர்ந்திருந்துச்சு. கேமரா பை எடுத்துட்டுப் போறதுக்குத்தான், வைக்கிறதுக்கு இல்ல.

ரப்பர் வளையம் வச்ச, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரமானி, சிலிகா ஜெல். ஈரம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். நீலக் குருணை வேண்டாம், அதுல கோபால்ட் இருக்கு. ஆரஞ்சு நிறத்துல வர்றதை வாங்குங்க, ஈரம் குடிச்சா பச்சையாகும். காய வைக்கிறதுக்கு சமையல் சட்டியை எடுக்காதீங்க. அரிசிப் பானைக்குள்ள லென்ஸை வைக்கிற பழக்கமும் வேண்டாம், மாவுத்தூசி வளையத்துக்குள்ள போயிரும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் கண்ணாடியைக் காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க. உப்புக் குருணை கோடு போட்டிரும். முதல்ல ரப்பர் பம்பால ஊதுங்க, அப்புறம் நல்ல தண்ணியில லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் துணி, அப்புறம் காய்ஞ்சது. லென்ஸ் உடம்பையும் அப்படியே துடைச்சு, காத்தாட வச்சிட்டு டப்பாவுக்குள்ள போடுங்க.

16.2.2025. குளச்சலிலிருந்து

வாங்கிட்டேன் அண்ணே! எஸ்டிஎம்தான். டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்ளே சுத்தம். நேத்து அப்பா வள்ளம் வர்றதை எடுத்தேன். 163 எம்எம், 1/640, ஐஎஸ்ஓ 400. முன்னணியத்துல (வள்ளத்தோட முன்முனை) நின்ன ஆளோட முகம் தெரியுது. அப்பா பார்த்துட்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கார்.

16.2.2025

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த 163ஐ மார்த்தாண்டத்துக்காரரும் கவனிங்க, வள்ளத்துக்கு 250 தேவைப்படல. ஹூட் ஒண்ணு வாங்கிருங்க, இடி-63ன்னு கேளுங்க, லென்ஸோட வராது. காலை வெயில் சரிஞ்சு கண்ணாடியில அடிக்கிறதைத் தடுக்கும், சாரலும் கொஞ்சம் குறையும்.

4.3.2025. குளச்சலிலிருந்து

மண்டைக்காடு மாசிக் கொடைக்கு ராத்திரி போயிருந்தேன். 55-250ல எல்லாம் கலங்கிப் போச்சு. லென்ஸ்ல கோளாறா?

4.3.2025, இரவு

கோளாறு இல்ல. ராத்திரி கூட்டத்துல எஃப்/5.6க்கு வெளிச்சம் போதாது. ஷட்டர் 1/30க்கு இறங்கியிருக்கும். ஐஎஸ் உங்க கையை நிறுத்திச்சு, நடந்து போற ஆளை அது என்ன செய்யும்? இந்த வேலைக்கு எந்தச் சின்ன விலை ஜூமும் உதவாது. 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் சேர்த்து வச்சு வாங்குங்க. எஃப்/5.6ஐ விட எஃப்/1.8 மூணு ஸ்டாப்புக்கு மேல (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) வெளிச்சம் வாங்கும். 1/30 இருந்த இடத்துல 1/250 கிடைக்கும். ஜூம் கிடையாது, நீங்கதான் முன்னும் பின்னும் நடக்கணும். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், உங்க பங்குத் திருவிழா எல்லாத்துக்கும் அதுதான் சரி. அவசரம் இல்ல. அதுவரைக்கும் 18-55ஐ 18லயே வச்சு, விளக்கு வெளிச்சத்துக்குக் கிட்ட நின்னு எடுங்க. 18ல அது எஃப்/3.5.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வந்த பிறகு இந்த லென்ஸ் எல்லாம் வீணாகுமான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். ஆகாது. கேனனோட இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டா 18-55, 55-250, 50 மூணும் ஆர்50, ஆர்10 மாதிரி மிரர்லெஸ் கேமராவுல ஃபோகஸோட வேலை செய்யும், ஐஎஸ் இருக்கிற லென்ஸ்ல ஐஎஸ்ஸும் வேலை செய்யும். 50ல ஐஎஸ் கிடையாது.

6.4.2025. குளச்சலிலிருந்து

கடைசியா ஒண்ணு அண்ணே. 2எக்ஸ் கன்வர்ட்டர் போட்டா 250ஐ 500 ஆக்கலாம்னு வீடியோவுல பார்த்தேன். ஆலாக்களுக்கு உதவுமா?

6.4.2025

உதவாது. கேனனோட சொந்த கன்வர்ட்டர் (எக்ஸ்டெண்டர்) 55-250ல மாட்டவே மாட்டாது. வேற கம்பெனி 2எக்ஸ் மாட்டினாலும் எஃப்/5.6, எஃப்/11 ஆயிரும். 1500டி அந்த இருட்டுல வியூஃபைண்டர் வழியா ஃபோகஸ் பிடிக்காது. முன்னால திருகிப் போடுற மலிவு கண்ணாடி அதைவிட மோசம், ஓரமெல்லாம் குழம்பிரும். வலசை ஆலாக்கள் பெரும்பாலும் இந்த மாசம் கிளம்பிரும், அடுத்த சீசனுக்குத்தான் வரும். அந்தக் காசுல டப்பாவும் சிலிகா ஜெல்லும் இன்னும் வாங்கலைன்னா இந்த மாசமே வாங்கிருங்க. ஜூன் முதல் வாரத்துல மழை பிடிச்சிரும்.